ஆயுதபூஜையில் கம்ப்யூட்டருக்கு இட்ட திருநீறு

ஆயுதபூஜைக்கு எதற்குப் பொட்டு வைத்தாலும் நெற்றியில்தான் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (இப்போது வருஷா வருஷம் சொல்கிறார்கள்.)

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மகள் அமுதா டைப்பிங் கடை வைத்த புதிது. முதல் பெரிய ஆர்டர், ஒரு கம்பெனியின் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடம் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் கேட்டுக் கேட்டு நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடித்திருந்தாள். லீவு முடிந்து கம்பெனி திறக்கும் அன்று கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த அறையையும் வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று நான்தான் மிரட்டியிருந்தேன்.

கம்ப்யூட்டரை ஓட்டியது லினக்ஸ் என்ற சிஸ்டம். நத்தை மாதிரி நகர்ந்தது. மாடியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரன் சுடலை, பூஜை லீவில் சரிசெய்ய வந்தான்.

"யம்மா, மெமரி நெறஞ்சா மிச்சத்த எறக்கி வைக்க டிஸ்க்குல ஸ்வாப்னு ஒரு எடம் உண்டும். இதுல அது சின்னதா இருக்கு. அத அணைச்சிட்டு, பெருசா வேற போடணும்."

"கல்யாணத்துக்கு வந்த ஜனத்த பக்கத்து வூட்ல படுக்க வைக்கறா மாதிரி. இதக்கூட சொல்லணுமா?" என்றேன். எங்கள் தெருவிலேயே ஸ்வாப் தெரிந்த பெண்பிள்ளை அன்று நான் ஒருத்திதான்.

பழையதை அணைத்தான். டிஸ்க்கில் அமுதாவின் வேலை இருந்த பகுதியை, கம்ப்யூட்டர் தொடாமல் இருக்கட்டும் என்று பத்திரத்துக்காகக் கழற்றிவிட்டான். புது இடம் ஒதுக்கினான். அதன் நம்பரைத் தட்டி ஸ்வாப் ஆக்குவதுதான் பாக்கி என்று கை கழுவப் போனான்.

நல்லநேரம் முடியப் போகிறது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். திரையில் வரிசையாக நம்பரோடு இருந்ததோ இங்கிலீஷ். சாமி காரியத்துக்கு முன் அது பெரிதாகத் தெரியவில்லை. குறுக்கே மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம்.

"யம்மா, புது எடத்து நம்பர் தெரியலியே. தொடச்சிரட்டுமா?" என்றான் திரும்பி வந்த சுடலை.

"பூஜ அன்னிக்குப் பொட்ட அழிப்பியா? இன்னா புள்ள நீ!"

"சரி, வரிசைய எண்ணிப் பாத்துக்கிடுதேன்."

எண்ணினான். புது இடம் ஐந்தாவது வரி; ஐந்து என்று தட்டினான். அந்த நம்பர்கள் இரண்டுக்கு அப்புறம் ஐந்துக்குத் தாவும், ஐந்தாம் நம்பர் மூன்றாவது வரியில் இருந்த அமுதாவின் பகுதி என்பது தட்டிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அமுதாவின் பகுதியே ஸ்வாப் ஆகி, அவள் அடித்து வைத்த பேர் அத்தனையும் அழிந்துவிட்டது. (கழற்றாமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டரே மறுத்திருக்குமாம். பத்திரம்தான் எங்களைக் கவிழ்த்தது.)

"உன் கையாலயே திருநீறு பூசி வழியனுப்பிட்டியேமா!" என்றாள் அமுதா.

கம்பெனி திறந்த அன்று விடியலில் கம்பெனி ஆட்களை ஏற்றும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். நான் ஒவ்வொருவனையும் நிறுத்தி, "பேர் இன்னா? அப்பா பேர் இன்னா? எந்த ஊரு?" என்று கேட்க, அமுதா எழுதிக்கொண்டாள். ஒருவன் அவளைப் பார்த்தான், சீப்பை எடுத்துத் தலைவாரினான். "சொந்த நெலம் கீதுங்க. ஜாதகம் எடுத்தாரட்டா?" என்றான்.

சாயங்காலம் அட்டைகள் போய்ச் சேர்ந்தன. கடை பிழைத்தது.

இப்போதும் ஆயுதபூஜைக்கு அமுதா லேப்டாப்பை மூடித்தான் என் முன் வைக்கிறாள். "மூடி மேல வைமா. அதான் அதோட நெத்தி."

வைக்கிறேன். ஆனாலும் குப்புறப் படுத்தவன் முதுகில் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கிறது.