ஆடாத பம்ப்பு

நாற்பத்தெட்டு மணி நேரம். நொடிக்கு நூறு அளவீடு. மொத்தம் ஒரு கோடியே எழுபத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம். லோகப்பிரியா அத்தனையையும் விஆர் ஹெட்செட்டுக்குள் ஏற்றி, மாட்டிப் பார்த்தாள்.

உள்ளே வெறும் தரை மட்டும் இருந்தது.

புதிய மாடல் பம்ப்பு பல்லடம் ரோட்டுச் சோதனைக் கொட்டகையில் இருந்தது. அதன்மேல் ஒட்டிய சென்சார் அனுப்பும் அதிர்வு அளவுகள் நேராகப் பீளமேடு ஆபீசுக்கு வந்துவிடும். அதிர்வு கூடினால் ஹெட்செட்டுக்குள் தரை மேடாகும். அந்த மேட்டில் நடந்துபோய், பம்ப்பு எப்போது குலுங்கியது என்று பார்க்கலாம். இப்படிச் சொல்லித்தான் முதலாளி ரங்கராஜை ஹெட்செட் வாங்க வைத்திருந்தாள்.

"பதினொரு மணிக்கு வந்து பாக்கறேன். பிரமாதமா இருக்கோணும். இல்லீன்னா அதைத் திருப்பி அனுப்பிப்போட்டு, நீ கஸ்டமர் கம்ப்ளெயின்ட் போனை எடுக்கப் போயிரு" என்றிருந்தார் அவர்.

லோகப்பிரியாவுக்குத் தெரிந்தவர்களிடம் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வரவில்லை என்று போனில் கத்தும் விவசாயிகளுக்கு என்ன பதில் சொல்வாள்?

கொட்டகை ஃபோர்மேன் தம்பிதுரையைப் போனில் பிடித்தாள்.

"ஏனுங்ணா, சென்சார் சரியா ஒட்டியிருக்குதுங்களா?"

"கச்சிதமா இருக்குதுங்க அம்மணி. நானே ஒட்டுனேன்."

"பம்ப்புல ஏதாச்சும் தொந்தரவுங்களா?"

"ஒரு தொந்தரவும் இல்லீங்க. அது பாட்டுக்கு இருக்குது."

மணி பத்தே முக்கால். தரையின் உயரத்தைப் பத்து மடங்கு கூட்டினாள். எறும்புப் புற்று போல ஏதோ தெரிந்தது. ஆயிரம் மடங்கு கூட்டினாள்.

ரங்கராஜ் வந்து ஹெட்செட்டை மாட்டினார்.

"அடேங்கப்பா! வெள்ளியங்கிரியாட்டம் இருக்குது!"

முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆபீசுக்குள்ளேயே மலையேறினார். உச்சியில் நின்று கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"அம்மணி, எறங்கறது எப்பிடி?"

"நடந்தாப் போதுங்க சார்."

"நடந்தா உழுந்துருவேன்! புடிச்சுக்க ஏதாச்சும் குடு!"

கைக்கு எட்டிய தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டார். லோகப்பிரியா பதறிப்போய், உயரத்தைப் பழையபடி குறைத்தாள். காலடியில் இருந்த மலை சட்டென்று காணாமல் போனது. முதலாளியும் கேனும் சேர்ந்தே விழுந்தார்கள்.

"மலை எங்க போச்சு?" ஈரத்தில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"அது நான் பெருசு பண்ணுனதுங்க சார். ஆயிரம் மடங்கு."

"நெசமா எவ்வளவு?"

"நெசமா... இவ்வளவுதானுங்க."

முதலாளி தலையை நாலா பக்கமும் திருப்பினார். லோகப்பிரியாவின் காதில் கம்ப்ளெயின்ட் போன் மணியடிக்கத் தொடங்கியது.

"ரெண்டு நாளுக்கு ஒரு மேடு கூடவா இல்ல?"

"இல்லீங்க சார்."

"பம்ப்பு ஆடவே இல்லையா?"

"இல்லீங்க."

அவர் ஹெட்செட்டைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "முப்பது வருசமா இப்பிடியொரு பம்ப்பு பண்ணோணும்னு கெடக்கறேன் கண்ணு."

எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தே பொள்ளாச்சி டீலருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, ஆடாத பம்ப்பு வந்துருச்சுங்க! மேல டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூடச் சிந்தாது!" இருநூறு பம்ப்புக்கு அங்கேயே ஆர்டர் முடிந்தது. அடுத்து லோகப்பிரியாவிடம், "இன்னும் நாலு ஹெட்செட் வாங்கு. அந்தப் போனுக்கு வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார்.

அவள் மூச்சுவிட்டாள்.

"தம்பிதுரையைக் கூப்புடு. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லோணும்."

ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பிதுரை, அசத்திப்போட்டீங்க! ரெண்டு நாளும் துளி ஆட்டமில்ல!"

பணிவாகக் குரல் வந்தது.

"நேத்தும் முந்தாநாளும் அஷ்டமி நவமியாப் போச்சுங்களே மொதலாளி, இன்னிக்குத்தான் தசமி... இப்பப் பம்ப்பு சுவிச்சைப் போட்டுறட்டுங்களா?"