அரைநூலாரின் பல்செட்

திருச்சி, ஸ்ரீரங்கம் இரண்டு ஊரிலும் சேர்த்து அரைநூலாரிடம் பாஸ் மார்க் வாங்கியது ராஜகோபுரம் ஒன்றுதான். அதற்கும் எதிரே நின்று, ஒரு கண்ணை மூடி ஐந்து நிமிஷம் அளந்த பிறகே, "பரவால்ல, நேராத்தான் நிக்குது" என்றார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள்.

அரியமங்கலத்தில் எங்கள் தெருக்காரர். லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். எதைப் பார்த்தாலும் "அரை நூல் கோணல்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது மேடையேறி வாழைமரத்தை நிமிர்த்தியவர். என் வீட்டுக்கு வந்தால் முதலில் காலண்டரைச் சரிசெய்வார், பிறகுதான் காபி.

அவருடைய மேல் பல்செட் போன வருஷம் உடைந்தது. மணப்பாறை முறுக்கையெல்லாம் மாவாக்கிய செட், கழுவும்போது கைதவறி வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகிவிட்டது.

காலையில் வாசலில் வந்து நின்று ஏதோ கேட்டார். "பசியா இருக்கு" என்று எங்களுக்குக் கேட்டது. என் மனைவி பதறிப்போய் நாலு இட்லி வைத்தாள். நாலையும் தின்றுவிட்டு, பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: 'பசை இருக்கா?'

"டாக்டர்ட்ட போலாமே" என்றேன். இரும்பையே ஒட்டுகிறவனுக்கு டாக்டரா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஒட்டினார். வலப்பக்கம் தூக்கலாக இருந்ததாம், அரத்தால் ராவினார். அடுத்து இடப்பக்கம் தூக்கிக்கொண்டது, அதையும் ராவினார். நாலாம் நாள் ஈறு வீங்கி, கன்னம் பன் மாதிரி ஆனதும், ஸ்கூட்டரில் தூக்கிப்போட்டுத் தில்லைநகர் பல் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுலங்க ஒட்டுனீங்க?"

"செருப்பு ஒட்டுற பசை" என்று குழறினார் அரைநூலார்.

"அப்புறம்?"

"அரம் வச்சு ராவுனேன்."

"ஐயா, இது பல்லு. கதவுக் கீல் இல்ல. உடைஞ்ச அன்னிக்கே ரெண்டு துண்டையும் தண்ணில போட்டு அப்படியே எடுத்துட்டு வந்திருந்தா, சேத்துக் குடுத்திருப்பேன். இப்ப புதுசுதான் செய்யணும். பத்து நாளாகும்."

அரைநூலாரின் முகம் வெளுத்துவிட்டது.

"பத்து நாளு கஞ்சி குடிங்களேன், உடம்புக்கு நல்லது" என்றேன் நான்.

அவர் பதில் சொன்னார். அந்த வாயிலிருந்து எழுத்துக்கூட்டி நான் புரிந்துகொண்டது இது:

"சாப்பாட்டுக்கு இல்ல சார். வீட்ல அவளுக்குக் காது சுத்தமா கேக்காது. என் வாயப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்குவா. எழுதிக் காட்டலாம்னா படிக்கத் தெரியாது. நாலு நாளா நான் சொல்றது ஒண்ணும் வெளங்கலன்னு அழுவுறா."

தெருவில் யார் கூப்பிட்டாலும் திரும்பாத அந்த அம்மாளைத் தலைக்கனம் பிடித்தவர் என்றல்லவா நாங்கள் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்!

டாக்டரம்மா செட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க. பசையச் சுரண்டிட்டு, தற்காலிகமா சேக்க முடியுதான்னு பாக்குறேன். பேசலாம், அவ்வளவுதான். கடிக்கக் கூடாது. அரத்தத் தொடவே கூடாது."

அரைநூலார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஐந்தரை மணிக்கு, சேர்த்த செட்டோடு அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனார். கூடத்து லைட்டைப் போட்டார். மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். டாக்டர் திட்டினது, பால்காரன் வராதது, கரண்ட் பில், நாலு இட்லி, எல்லாம். அந்த அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தார்.

வண்டிச் சத்தம் அந்த அம்மாளுக்குக் கேட்காதுதான். ஆனாலும் வண்டியை ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன்.