சிலுவார் மெத்தையும் ரெண்டு குட்டியும்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. சிலுவாரை, அதான் கால்சட்டையை, மாட்டிக்கிட்டு தோட்டத்துத் துரையைப் பாக்கப் போகணும்.

எழுபதுகள் கடைசியில கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். ஸ்டோருக்கு ராத்திரி காவலுக்கு ஒரு ஜாகா வேணும்னு துரை சொல்லியிருந்தாரு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி என் முதுகு நிமிரவே மறந்துபோயிருந்துச்சு. இந்த வேலை கெடச்சா பொழைச்சேன்!

என்கிட்ட இருந்ததே ஒரு நீளச் சிலுவார்தான். அந்தப் பனியில துணி எங்க காயுது? என் சம்சாரம் லெட்சுமி அதை அடுப்புக்கு மேல கொடியில போட்டிருந்தா.

குளிக்கத் தண்ணி எடுக்கப் போனவன் தண்ணியோட வந்திருக்கலாம். எங்க லயத்து வரிசை வீடுங்க பக்கத்துக் கால்வாயில ரெண்டு நாய்க்குட்டி நனைஞ்சு கத்திக்கிட்டு கெடந்துச்சுங்க. மனசு கேக்கல. வாளியில போட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன்.

"தண்ணி எங்கங்க?"ன்னா லெட்சுமி.

"குட்டி இருக்குல்ல?"

"அதுலயா குளிக்கப் போறீங்க?"

குட்டிங்களை அடுப்போரம் விட்டோம். அங்கதான் எங்க நாய் டைகர் படுத்திருந்தான். பேரு மட்டும்தான் டைகர். இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடுவான். கோழி மொறைச்சாக்கூட வழி விடுவான்.

குட்டிங்களைப் பாத்ததும் எழுந்து சுவத்தைப் பாத்து உக்காந்துட்டான். கருவாடு வச்சேன். திரும்பல!

"கோவம் லா! புது மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்,"ன்னா லெட்சுமி.

குட்டிங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? தத்தித் தத்திப் போயி, அவன் வயித்துக்கு அடியில பால் தேட ஆரம்பிச்சிடுச்சுங்க. டைகர் ஆம்பளைங்க! அவன் முழிச்ச முழியைப் பாக்கணுமே! லெட்சுமி சிரிச்சு சிரிச்சு தரையிலயே உக்காந்துட்டா.

கொஞ்ச நேரத்துல அவனே ஒரு குட்டியை நக்கினான். அப்புறம் இன்னொண்ணையும். சரி, ராசியாயிட்டாங்கன்னு நான் மறுபடி தண்ணி எடுத்துக் குளிச்சுட்டு வந்தேன்.

வந்து பாத்தா, கொடியில சிலுவாரைக் காணோம்! டைகர் அதை இழுத்துக் கீழ போட்டு, குட்டிங்களுக்கு மெத்தை விரிச்சு, தானும் பக்கத்துல படுத்திருக்கான்.

"டேய், கொண்டாடா!"ன்னு கையை நீட்டினேன்.

"உர்ர்ர்!"

பொறந்ததுலேருந்து அவன் உறுமி நான் கேட்டதே இல்ல. மொத உறுமல், சோறு போட்ட எனக்கு!

நேரமாயிடுச்சு. கங்காணி மூச்சு வாங்க வந்தாரு. "என்னய்யா, துரை காத்துக்கிட்டு இருக்காரு, நீ கைலியோட நிக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த நாய்க்கா பயப்படுற? நீயெல்லாம் ஜாகா வேலைக்கு வரியா லா?"ன்னு அவரே அடுப்படிக்குள்ள போனாரு.

போன வேகத்துல வெளிய வந்தாரு. பின்னாடியே டைகர்! கங்காணி லயத்தை ஒரு சுத்து ஓடி, கொழுந்து லோரி மேல ஏறித்தான் நின்னாரு. லோரி அப்படியே அவரை ஆபீஸுக்குக் கொண்டு போயிடுச்சு.

இதான் சமயம்னு சிலுவாரை எடுத்தேன். ஒரு குட்டி அதை நனைச்சிருந்துச்சு. இன்னொண்ணு நனைச்சதோட நிக்கல.

கைலியோடயே ஓடினேன். ஆபீஸுல கங்காணி ஒத்தச் செருப்போட நிக்கிறாரு.

"இவரை வெரட்டினது யாரு?"ன்னாரு துரை.

போச்சு, இனி ஆயுசுக்கும் கவ்வாத்துதான்னு நெனச்சேன். "எங்க நாய் டைகர், துரை. ரெண்டு குட்டி வந்ததுலேருந்து யாரையும் கிட்ட விடமாட்டேங்கிறான்,"ன்னேன்.

துரை கங்காணி காலைப் பாத்தாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"குட்டிங்களை ஸ்டோருக்குக் கொண்டாந்து வை. அவன் பின்னாடியே வருவான்ல?"

"வருவான் துரை. அப்போ நானு?"

"நீயும் வா."

அன்னிலேருந்து ஸ்டோருக்கு ஜாகா டைகர்தான். நான் அவனுக்கு டார்ச் லைட் புடிச்சேன்.