நம்ம ஊர்லயே எறங்கு, மாப்ள

மதுரையில் விமானம் ஏறுகிறவர்கள் ஒரு வகை. விமானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காதவர்கள் இன்னொரு வகை. இரண்டும் சாதுவான பிராணிகள், யாரையும் ஒன்றும் செய்யாது. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்கு ‘வழித்தடக் காவலர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது, தான் பறக்காது. பிறரைப் பறக்க வைக்கும். அதுவும் அவர்கள் போக நினைத்த வழியில் அல்ல.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. தல்லாகுளத்தில் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் காலை ஆறே முக்காலுக்கு நின்று பாருங்கள். தலைக்கு மேலே இரைச்சல் கேட்கும். பத்துப் பேர் டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பெங்களூர்க்காரன். எட்டு நிமிசம் லேட்டு” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வது என்றிருந்தால் அவர் வாழ்நாளில் வாயே திறந்திருக்க முடியாதே!

நான் சொல்லும் காவலருக்குப் பெயர் ஹரிராம். கலெக்டர் அலுவலகத்தில் கோப்புகளை முப்பத்திரண்டு வருடம் நகர்த்தி, ஓய்வு பெற்றபின் விமானங்களை நகர்த்தத் தொடங்கியவர். இதுவரை அவர் விமானம் ஏறியது மூன்றே முறை. அதனால் என்ன? கோயிலைப் பற்றி அதிகம் பேசுபவர் சாமியா, பக்தர்தானே? அவரிடம் ஒரு நீல நிற நோட்டு உண்டு. எந்த ஊருக்கு எத்தனை சர்வீஸ், எது புதிது, எது நிற்கப்போகிறது, போன மாதம் எத்தனை பேர் வந்து போனார்கள், ஓடுபாதை எத்தனை அடி நீள வேண்டும் என்று அத்தனையும் அதில் இருக்கும். ‘மதுரை வானம்’ என்று ஒரு வாட்ஸாப் குழுவும் உண்டு. அதில் இருநூற்றுப் பதினாலு பேர். இருநூற்றுப் பதிமூன்று பேர் அறிவிப்பு ஒலியை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலை. காலி இருக்கை.

“ஆள் ஏறலேன்னா சர்வீஸ நிறுத்திப்புடுவான்” என்பார். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நிறுத்திவிட்டால் அந்த விமானம் எங்கே போகும்? திருச்சிக்குப் போகும். திருச்சி என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ‘அந்த ஊரு’ என்பார்கள், பங்காளிச் சண்டையில் பேச்சு முறிந்த வீட்டைச் சொல்வதுபோல.

ஆகவே ஹரிராம் வழித்தடங்களுக்கு ஆள் போட்டு வளர்த்தார். மச்சினி மீனலோசனி சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றார். ரயிலில் படுத்தால் விடியும்போது எழும்பூர். ஹரிராம் விடுவாரா? “ஹைதராபாத் சர்வீஸ் மெலிஞ்சு கெடக்கும்மா” என்று அவரை ஹைதராபாத்துக்கு ஏற்றி, அங்கிருந்து சென்னைக்கு இறக்கினார். மீனலோசனி போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பந்தியின் மிச்சப் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தவர், அக்காள் ராதாமணியிடம், “ஒன் வீட்டுக்காரர் என்னய டிபன் கேரியர் மாதிரி அனுப்பி வச்சாருக்கா” என்றார். ஹரிராம் கேட்டது ஒன்றுதான்: “ஹைதராபாத் பிளைட்டுல எம்புட்டுப் பேரு இருந்தாங்க?”

குறை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால், “விரிவாக்கம் நடக்குதுல்ல?” என்பார். பெட்டி வர முக்கால் மணி நேரம் ஆனது என்றால், “கூட்டம் கூடிப்போச்சு, நல்லதுதான” என்பார். கழிப்பறை வாசலில் ‘எங்கள் சேவை எப்படி?’ என்று மூன்று முகங்கள் உள்ள ஒரு திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். தம்முடைய மூன்றாவது பயணத்தின்போது அவர் அந்தச் சிரித்த முகத்தைப் பதினோரு தடவை அமுக்கினார். அவர் உள்ளே போகவேயில்லை.

இதுவரை சிரிக்கலாம். இனி ஒரு சாவு வருகிறது.

பாண்டியராஜன், உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் எழுமலைக்காரர். கல்லூரியில் படித்த காலத்தில் ஹரிராம் வீட்டு மாடி அறையில் நான்கு வருடம் குடியிருந்தவர். இப்போது ஷார்ஜாவில் வேலை. அவருடைய அப்பா முத்திருளன், மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் ஹரிராம் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போகிறவர். ஐப்பசியில் ஒரு நாள், வெயில் ஏறும் நேரத்தில், தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வெளியே உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மத்தியானம் ஹரிராமுக்குப் போன் வந்தது.

“அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே. நாளைக்கு மூணு மணிக்குத் தூக்குறாங்களாம். அதுக்குள்ள வந்து மொகத்தப் பாக்கணும், நாந்தான் கொள்ளி வைக்கணும். எந்த வழியா வரட்டும்? எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க சொல்லுங்கண்ணே.”

ஹரிராம் அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் சந்தேகமே வேண்டாம். இடது கை கண்ணைத் துடைத்தது. வலது கை நீல நோட்டைத் திறந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விடியற்காலை ஐந்தரைக்கு நேராகத் திருச்சியில் இறங்கும் விமானம். அங்கிருந்து கார் பிடித்தால் ஒன்பதரைக்கெல்லாம் எழுமலை. இடம் இருந்தது. ஹரிராம் பார்த்தார், பார்க்கவில்லை என்று அவரும் சொல்ல மாட்டார். இன்னொன்று, சென்னையில் இறங்கி, மாறி, மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு மதுரை வருவது. அந்த மதிய சர்வீஸ் தொடங்கிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் தலை நிற்காத குழந்தை. பாதிக்குமேல் காலியாக வந்துகொண்டிருந்தது. அதை நினைத்து ஹரிராமுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

“திருச்சியில சீட்டு இருக்கா?” என்று பக்கத்தில் நின்ற ராதாமணி கேட்டார். ஹரிராமுக்கு அது காதில் விழவில்லை. அந்தக் காதுக்கு அந்த ஊர் விழாது.

“மாப்ள, அந்த ஊர்ல எறங்குனா நாலு மணி நேரம் ரோட்டுல அலைச்சல். இருக்குற மனக்கஷ்டத்துல அதெல்லாம் ஆகாது. சென்னையில மாறி, நம்ம ஊர்லயே எறங்கு, மாப்ள. கௌரவமா எறங்கு. நான் கார எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறேன். ரெண்டரைக்கு வீட்டுல இருப்ப.”

“சரிண்ணே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

இந்த இனத்தின் தனிச் சிறப்பு இதுதான். அது பொய் சொல்வதில்லை. தன்னிடமே நம்பிக்கையோடு பேசி முடித்த பிறகுதான் பிறரிடம் பேசுகிறது. போனை வைத்தபோது, பாண்டியராஜனின் உடல் நலத்துக்காகவே அந்த முடிவை எடுத்ததாக ஹரிராம் மனமார நம்பினார். ராதாமணி, தங்கள் வீட்டுக்குள் மட்டும் பேசும் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே ஹரிராமும் ராதாமணியும் விமான நிலையத்தில் நின்றார்கள். சென்னையிலிருந்து கிளம்பியதே முப்பத்தைந்து நிமிடம் தாமதம். “முப்பத்தஞ்செல்லாம் ஒரு லேட்டா?” என்று ஹரிராம் பக்கத்தில் நின்ற, பரவையிலிருந்து மருமகளை அழைக்க வந்திருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கு விளக்கினார். அப்போது அவனியாபுரம் பக்கம் வானம் கறுத்தது. ஓடுபாதைக்கு மேலே மழை கொட்டத் தொடங்கியது.

ஹரிராம் கைபேசியில் விமானங்கள் போகும் வழியைக் காட்டும் செயலியைத் திறந்தார். அதில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் மதுரைக்கு வந்து, இறங்காமல், மேற்கே திரும்பி, ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது.

எழுமலையிலிருந்து பாண்டியராஜனின் தங்கை முனீஸ்வரி கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்கண்ணன் எங்கன வாரான்? இங்கிட்டும் மேகம் கூடுது. மழைக்கு முன்னாடித் தூக்கணும்ங்கிறாங்க. அவன் வரலேன்னா சித்தப்பா மகன் மருது கொள்ளிச்சட்டியத் தூக்கட்டும்னு பேசுறாங்கண்ணே!”

ஹரிராம் திரையைப் பார்த்தார். மஞ்சள் விமானம் உசிலம்பட்டியைத் தாண்டி, சரியாக எழுமலைக்கு மேலே வளைந்துகொண்டிருந்தது.

“அம்மா, மேல பாரும்மா. ஒங்க வீட்டுக்கு மேலதான் சுத்துறான்.”

போனில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பந்தலை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்தினார்கள். மேகத்துக்குள் எங்கேயோ ஓர் இரைச்சல். ஒரு பெண் குரல், “ஏ பாண்டி! இங்கனதான்டா கெடக்காரு ஒங்கப்பன்!” என்று வானத்தைப் பார்த்து ஓங்கி அழுதது. இரைச்சல் கிழக்கே போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. அப்பா கீழே, மகன் மேலே, நடுவில் மேகம். மூன்று முறை.

விமானம் இறங்கியபோது மணி இரண்டு இருபது. பாண்டியராஜன் ஒரு தோள்பையோடு வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது. இரவு முழுக்கத் தூங்காத கண்கள். ஹரிராம் காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்: ‘மாப்ள, ஒங்கப்பா தங்கமான மனுசன்.’ இதைச் சொல்ல வேண்டும், தோளைப் பிடிக்க வேண்டும். தோளைப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

“மாப்ள, பிளைட்டு புல்லா?”

பாண்டியராஜன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லண்ணே. பாதி காலி.”

ஹரிராமுக்கு நெஞ்சு அடைத்தது. எதற்காக அடைத்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ராதாமணி முன்னால் வந்து பையை வாங்கிக்கொண்டு, “ஒரு வாய் தண்ணி குடிப்பா” என்றார். அதன்பிறகுதான் பாண்டியராஜன் அழுதார்.

கார் எழுமலைத் தெருவுக்குள் நுழைந்தபோது நான்கு மணி. பாடைத் தேர் தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தது. மருது கையில் கொள்ளிச்சட்டி. முன்னால் முனீஸ்வரி குறுக்கே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றிருந்தாள். காரைப் பார்த்ததும் எல்லோரும் நின்றார்கள். தேரை இறக்கினார்கள். மழை தூறத் தொடங்க, யாரோ குடை பிடித்தார்கள். பாண்டியராஜன் அப்பாவின் முகத்தை நான்கு நிமிடம் பார்த்தார். அதற்குள் பெரியவர்கள் “மழ வலுக்குதுப்பா” என்றார்கள். மருது சட்டியைக் கொடுத்துவிட்டு விலகினான்.

கொள்ளி வைத்தாகிவிட்டது. ஆகவே ஹரிராமின் திட்டம் வெற்றி. அப்படித்தான் அவர் மயானத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பாண்டியராஜனின் பெரியப்பா மகன் கருத்தக்கண்ணன், குளித்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவரும் ஷார்ஜாதானாம், வேறு கம்பெனி.

“நீங்க எப்ப வந்தீங்க?” என்றார் ஹரிராம்.

“காலையில ஒம்பதரைக்குண்ணே. திருச்சி வழியா. சித்தப்பா பக்கத்துலயேதான் இருந்தேன். மாலையெல்லாம் நாந்தான் வாங்கி வாங்கிப் போட்டேன்.”

“ஒங்களுக்கு அந்த பிளைட்ட யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலண்ணே. நான் யாருட்டயும் கேக்கல.”

டீ கொண்டுவந்த முனீஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டே ஹரிராமிடம் ஒரு கிளாஸை நீட்டினாள். அவள் கத்தவில்லை. “ஆறரை மணி நேரம்ணே” என்றாள். “எங்கண்ணன் அப்பாகூட உக்காந்திருக்க வேண்டியது. குடிங்கண்ணே, ஆறிரும்.”

ஹரிராம் குடித்தார். அது ஆறியிருந்ததா சுட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது எதிர் நாற்காலியில் வெள்ளைத்துரை என்று ஒருவர் வந்து அமர்ந்தார். உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். துண்டை உதறினார், தொண்டையைச் செருமினார், ஹரிராம் பக்கம் சாய்ந்தார். “நீங்கதான் ஏர்போர்ட்டு வெவரமெல்லாம் அத்துபடியாமே. பாண்டித் தம்பி எந்த பிளைட்டுல வந்துச்சு? டைரக்டா?”

பல வருடங்களாக ஹரிராம் காத்திருந்த கேள்வி. கேட்டு வாங்காமல், தானாக, ஒரு மனிதர் வாயிலிருந்து வந்திருக்கிறது! பந்தலில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியலண்ணே” என்றார் ஹரிராம்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத் தல்லாகுளத்து டீக்கடைக்கு மேலே இரைச்சல் கேட்டது. அவர் கை தானாகத் திரும்பி, கடிகாரம் முகத்துக்கு நேரே வந்தது. பன்னிரண்டு நிமிடம் தாமதம். சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த இனத்தில் ஒரு நாள் வாய் மூடுவதே பெரிய வளர்ச்சி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீல நோட்டு உங்களிடம் கிடையாது, வாட்ஸாப் குழுவும் கிடையாது. நல்லது. கடைசியாக எந்தச் சாவு வீட்டுக்குப் போனீர்கள்? செருப்பைக் கழற்றினீர்கள், மாலையை வைத்தீர்கள், வெளியே வந்து உட்கார்ந்தீர்கள். தூரதேசத்திலிருந்து வந்த மகன், தூங்காத கண்ணோடு, பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதுதான், யாருக்குத் தெரியும்? ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவனிடம் முதலில் என்ன கேட்டீர்கள்?

நினைத்துப் பாருங்கள். அவன் மறந்திருக்க மாட்டான்.