ஒரு பையை எடுக்க உடம்பு முழுவதும் சம்மதம்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் நலத்தை டாக்டர்கள் ஒருவழியாகப் பரிசோதித்து முடித்துவிட்டார்கள்.

என் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று உன் அக்கா போனில் அழுதிருப்பாள். பையையே எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்கிறார் அறுவை சிகிச்சை டாக்டர். ஆனால் எண்பதை எட்டப்போகும் உடம்பு அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். ஆகவே அந்த ஒரு பையை எடுக்க, உடம்பில் மீதியிருக்கும் ஒவ்வொன்றிடமும் சம்மதம் கேட்டார்கள். இதய டாக்டர் நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார், அவர் மயக்க மருந்து டாக்டரிடம் அனுப்பினார், லிஃப்ட் ஓடவில்லை, மாடி மாடியாக ஏறிப் போய் மூச்சு வாங்க நின்றால் "மாடி ஏற முடியுதா?" என்று கேட்கிறார். "ஏறித்தான் வந்தேன்" என்றேன். "ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார். நான் உட்கார இடம் தேடினேன்.

அடுத்து முதியோர் டாக்டர், நம் மகள் வயதுப் பெண். கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னாள். இரண்டைத்தான் சொன்னேன். மூன்றாவதை உன் அக்கா சொல்லிவிட்டாள்.

"அம்மா, ஆபரேஷன் உங்களுக்கு இல்ல."

"தெரியும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்தே இவருக்கு மறதிதான். அதையும் வயசுக் கணக்குல சேத்துடாதீங்க."

கடைசியில் அந்தப் பெண் பேனாவை மூடிவைத்தாள். "ஐயா, செஞ்சா ஆபத்து இருக்கு, தேறி வரவும் மாசக்கணக்காகலாம். செய்யலேன்னா நோய் வளரும். உங்க உடம்பு ஓரளவு தாங்கும்னு தோணுது. முடிவு நீங்கதான் சொல்லணும்." இத்தனை பேர் படித்த படிப்பும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடிந்தது. எனக்கு அலுத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆகவே ஆபரேஷன் இல்லை. நீ லீவு போட்டு வர வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ஓரளவு தாங்கக்கூடிய
உன் அத்தான்

பி.கு.: கவர் தேடி உள்ளே போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் சேர வயிற்றில் ஒரு பையை ஒட்டுவார்களாம். நர்ஸிடம் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள் உன் அக்கா. கண்ணாடி முன் நின்று அதைத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பண்றே?" என்றேன். "அரிக்குதான்னு பாக்கறேன். நீங்க வாயைத் திறந்து சொல்லமாட்டீங்க" என்றாள். டாக்டருக்குப் போன் செய்து சரியென்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதை விட்டுவிடு. புறப்பட்டு வா. அவள் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.