தும்பிக்கையண்ணனின் புறா

தொண்ணூறுகளில் காரைக்குடியைச் சுற்றிக் கல்யாணம் செய்துகொண்ட யாருடைய பத்திரிகையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், அதன் உச்சியில் இருப்பது தும்பிக்கையண்ணன் போட்ட பிள்ளையார்தான். இல்லை என்று சாதிப்பவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

நான் டைப் அடித்துக்கொண்டிருந்த அச்சகத்தில் அவர்தான் ஓவியர். எதை வரையச் சொன்னாலும் முதலில் ஒரு தும்பிக்கையை வளைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். குத்துவிளக்கும் தும்பிக்கையில்தான் தொடங்கும், நாதஸ்வரமும் அப்படியே. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருந்தார்.

ஒருநாள் முதலாளி பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கம்ப்யூட்டருக்கென்று ஒரு பலகையும் மை இல்லாத பேனாவும் கொண்டுவந்தார். பலகையில் வரைந்தால் கோடு திரையில் தெரியும். அண்ணன் பலகைக்குச் சந்தனம் வைத்தார். பேனாவைத் தலைமுடியில் துடைத்தார். ஒரு கோடு இழுத்துவிட்டு, காயட்டும் என்று திரையை ஊதினார்.

"அதுல மையே இல்லண்ணே!"

"நீ சும்மா இரு தங்கச்சி. ஈரத்துல கை பட்டா கலைஞ்சிரும்."

ஊதினால் ஊதிவிட்டுப் போகட்டும். சிக்கல் என்னவென்றால், மனுசன் பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கீழே வெறும் பலகை. மேலே திரையில் பிள்ளையாரின் காது ஒரு மூலைக்கும் வயிறு மறுமூலைக்கும் போய்க்கொண்டிருக்கும். ஒரு வாரம் இதே கூத்து. பாய் பொறுமை இழந்தார்.

"அண்ணே, இனிமே எல்லாப் படமும் இதுலதேன். சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு உருப்படியா போட்டீகன்னா சரி. இல்லாட்டி மதுரையிலருந்து வேற ஆளக் கூட்டியாருவேன்."

அண்ணன் அன்று சோற்றுத் தூக்கைத் திறக்கவேயில்லை. அந்த வாரம் கையிலிருந்த வேலை எது தெரியுமா? என் கல்யாணப் பத்திரிகை! மாதா கோயிலில் கல்யாணம், ஆகவே உச்சியில் புறா.

"பழகுன பிள்ளையாரே வரமாட்டேங்குறாரு, புறா எங்கிட்டிருந்து வரும்?" என்று முனகினார்.

சனிக்கிழமை காலையில் வந்தவர், தோள்துண்டை எடுத்துக் கையையும் பலகையையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

"என்னண்ணே இது வேசம்?"

"நேத்து சிங்கம்புணரிச் சந்தைக்குப் போனேன் தங்கச்சி. மாட்டுத் தரகரு துண்டுக்குள்ளதேன கையால வெல பேசுறாரு? கண்ணு கையிலயா இருக்கு? மாட்டு மேலதேன இருக்கு!"

துண்டு அசைந்தது. திரையில் ஒரு தும்பிக்கை வளைந்தது. அதிலிருந்து கழுத்து, சிறகு, வால். புறா பறந்தேவிட்டது! நான் கைதட்டினேன். "மாஷா அல்லாஹ்!" என்று பாய் எழுந்து நின்றார். பிறகு கிட்டே குனிந்து பார்த்தார்.

"மூக்குதேன் தும்பிக்கையாவே நின்னுபோச்சு. ஒரு பொத்தான அமுக்குனா அது மட்டும் அழிஞ்சிரும்ல?"

அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அழிச்சிரவா தங்கச்சி?"

"அதுல கைய வச்சீகன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ணே!"

மதுரை ஆள் வரவேயில்லை. அண்ணன் பிள்ளையார் போடாத பத்திரிகை என்னுடையது மட்டும்தான் என்று அச்சகத்தில் சொல்வார்கள். போட்டுத்தான் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.