எஸ்தர் அக்காவுக்கு விலக்கு வாங்கப் போன கதை

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. தப்புச் செய்தால்கூட மூன்று பிரதி எடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தித்தான் செய்வேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு அப்போது பத்து மாதம். (வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்து, அதனாலேயே கம்பெனி பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் நான்.)

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் அக்கா என் மேஜைக்கு வந்தார். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் பதினைந்து வருடமாக இருப்பவர். சம்பளச் சீட்டை விரித்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற வரியில் விரலை வைத்தார்.

"மேடம், எங்க சபையில மருந்து, மாத்திர, ஊசி எதுவும் எடுக்க மாட்டோம். ஜெபம் மட்டும்தான். நான் போவாத ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் எங்கிட்ட பிடிக்கிறாங்க. காசுக்காகச் சொல்லல. ஆண்டவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு, இங்க ஒண்ணு செய்யற மாதிரி இருக்குது. என் பேர எடுத்துட முடியாதா?"

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்து அனுப்பிவிட்டார்களாம். நான் சிரிக்கவில்லை. (சிரித்திருக்கலாம்.) "பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன்.

ஞாயிறு மதியம் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் கைப்பேசியில் தேடினேன். கிடைத்தேவிட்டது! சமூகப் பாதுகாப்புக்குக் கட்டுவதிலிருந்து மத நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்கும் படிவம். அசல் ஒன்று, நகல் இரண்டு. காப்பீடு கூடாது என்பது சபையின் கொள்கையாக இருக்க வேண்டும். முடியாதவர்களைச் சபையே பார்த்துக்கொள்ள வேண்டும். சபைப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்கம் இவ்வளவு மனசாட்சியோடு யோசித்திருக்கிறதே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்தது. எண் எழுத ஒன்பது இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது, எங்கள் இ.எஸ்.ஐ. எண்ணோ பத்து இலக்கம். பின்கோடுக்கும் ஓர் இலக்கம் இடம் போதவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, மிச்ச இலக்கங்களைக் கட்டத்துக்கு வெளியே குண்டு குண்டாக எழுதினேன். சபை பாஸ்டர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, என் நல்ல மனசுக்காக ஒரு ஜெபமும் செய்தார்.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகிற அன்று எஸ்தர் அக்கா லீவு போட்டு, சபைக்கு உடுத்தும் வெள்ளைப் புடவையில் வந்திருந்தார். மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், அவளும் என் இடுப்பில் வந்தாள். வேலூர் பஸ் ஏறி சத்துவாச்சாரியில் இறங்கினோம்.

அதிகாரி கண்ணாடியை மாட்டி முதல் பிரதியைப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். மூன்றாவதைத் திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தார்.

"எங்கம்மா கெடச்சுது இது?"

"நெட்ல சார்."

"சரி. எந்த நாட்டு நெட்டு?"

எனக்கு விளங்கவில்லை.

"இது அமெரிக்காவுல குடுக்கற ஃபாரம்மா. மேல பாருங்க."

மேலே பார்த்தேன். என்னைத் தவிர யார் படித்திருந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். "சார், பின்கோடு மட்டும் கரெக்டா ஆம்பூர்னு போட்டிருக்காங்க சார்" என்று ஒருவர் ரசித்தார்.

"அப்ப நம்ம ஊர்ல கெடையாதா?" என்று எஸ்தர் அக்கா கேட்டார்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "நம்ம சட்டத்துல இல்லம்மா. சம்பளம் வரம்புக்கு மேல போனா வெளிய வரலாம். சாமியக் காரணம் காட்டி வர முடியாது. ஆனா ட்ரீட்மெண்ட் எடுத்தே ஆகணும்னு உங்கள யாரும் சொல்ல மாட்டாங்க."

எஸ்தர் அக்கா தலையாட்டினார். மூன்று பிரதிகளையும் ஓரம் சேர்த்து அடுக்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலுக்கு வந்தபோதுதான் மகளின் உடம்பு சுடுவது தெரிந்தது. எவ்வளவு நேரமாகச் சுடுகிறது? எனக்கு ஏன் தெரியவில்லை? நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போலாம், வா" என்றார் எஸ்தர் அக்கா. 'மேடம்' எங்கேயோ போயிருந்தது.

"நீங்க ஊருக்குப் போங்கக்கா. உங்களுக்கு ஆவாத இடம்."

"மருந்து எனக்குத்தான் ஆவாது. கொழந்தைக்கு இன்னா? குடு இங்க. நீ போய் சீட்டு போடு."

ஊசி என்றதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். (தாய்!) மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது எஸ்தர் அக்காதான். கண்ணை மூடி, உதடு துடிக்க ஜெபித்துக்கொண்டே பிடித்திருந்தார். நர்ஸ் குழம்பிப்போய், "ஊசி யாருக்கும்மா, கொழந்தைக்கா உங்களுக்கா?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் அவர் தோளில் தூங்கினாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"அட, பேஜார் பண்ணாத. எனக்காக அமெரிக்கா வரைக்கும் போயிருக்கியே, யாரு போவாங்க?" மகளின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "பிடிக்கிறத பிடிக்கட்டும். சபையில முடியாதவங்களுக்குக் காசு போடறோம் இல்ல, அந்த மாதிரி இவளுக்குப் போடறேன்னு வெச்சுக்கறேன். ஆண்டவர் கேட்டா நான் பேசிக்கறேன்."

அதிலிருந்து ஒவ்வொரு சம்பள நாளிலும் என் மேஜையைக் கடக்கும்போது சம்பளச் சீட்டை ஆட்டிக் காட்டி, "உன் பொண்ணுக்கு இந்த மாசம் ஊசி போட்டாச்சு" என்பார். அதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். மகளுக்கு இப்போது ஐந்து வயது. போன வாரம் தடுப்பூசிக்கு அழைத்துப் போனோம். மற்ற பிள்ளைகள் டாக்டரைப் பார்த்துக் கத்தினார்கள். இவள் கை காலை உதைத்துக்கொண்டு, "எஸ்தர் ஆன்ட்டி, போதும்! போதும் எஸ்தர் ஆன்ட்டி!" என்று அலறினாள்.

"யாருங்க எஸ்தர்? நர்ஸா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றார் என் கணவர், "ஜென்மத்துல ஊசியே போட்டுக்காதவங்க."